அலைனருக்குள் ஒரு வெள்ளைப் படலம்

நான்: அக்கா, ஒரு சந்தேகம். பல்லை வரிசைப்படுத்த மாட்டுகிற பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அந்த அலைனரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கடைவாய்ப் பல் உட்காரும் குழியில் மட்டும் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் வழவழவென்று வருகிறது, வாடையும் அடிக்கிறது. இந்த செட் போட்டு 6 நாள்தான் ஆகிறது.

அம்மா: காலையிலிருந்து சொல்கிறேன், கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடு என்று. கேட்டால்தானே.

அக்கா: ஐயோ சித்தி, வெந்நீர் வேண்டவே வேண்டாம்! அது பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் அழுத்திச் செய்வது. திரும்பச் சூடு பட்டால் வடிவம் மாறிவிடும், அப்புறம் பல்லில் சரியாக உட்காராது. குளிர்ந்த தண்ணீர், இல்லை லேசான வெதுவெதுப்பு போதும்.

மாமா: பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போய்விடாதா?

அக்கா: போகும் மாமா, ஆனால் பேஸ்ட்டில் இருக்கிற நுண்துகள் பிளாஸ்டிக்கில் கீறல் போடும், அந்தக் கீறலில் கிருமி இன்னும் வசதியாக ஒட்டிக்கொள்ளும். மிருதுவான தனி பிரஷ், நிறமில்லாத சோப்புத் திரவம் ஒரு சொட்டு. உள்பக்கக் குழிகளில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், எல்லோரும் வெளிப்பக்கத்தைத்தான் பளபளவென்று தேய்க்கிறார்கள்.

தாத்தா: என் பல்செட்டுக்குப் போடுகிற மாத்திரை ஒரு டப்பா இருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டும்.

அக்கா: அதே மாதிரி அலைனருக்கென்றே வருகிறது தாத்தா, அதை வாங்கட்டும். ஊறவைத்தபின் நன்றாக அலசிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும், மாத்திரை கரைந்த தண்ணீர் உள்ளே போகக் கூடாது. ஆனால் மாத்திரை மட்டும் போதாது. படலம் என்பது கிருமிகள் தாங்களே சுரக்கிற பசைக்குள் கூட்டமாகக் குடியிருப்பது, பிரஷ் பட்டால்தான் பெயரும்.

அக்கா: டேய் தம்பி, இப்போது உண்மையைச் சொல். சாப்பிட்டுவிட்டுப் பல் தேய்க்காமலே திரும்ப மாட்டுகிறாயா?

நான்: மதியம் மட்டும் வாய் கொப்பளித்துவிட்டு மாட்டிவிடுவேன். அப்புறம் காபி குடிக்கும்போது கழற்றுவதில்லை.

அக்கா: எனக்குக் கவலையே அங்கேதான். சாதாரணமாக உமிழ்நீர் பல்லைக் கழுவிக்கொண்டே இருக்கும், அமிலத்தைத் தணிக்கும், பல்லின் கடினமான மேல்படலமான எனாமல் இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பிக் கொடுக்கும். நீ ஒரு நாளைக்கு 20, 22 மணி நேரம் அலைனர் போட்டிருக்கிறாய், அவ்வளவு நேரமும் அந்த உமிழ்நீர் பல்லுக்குச் சரியாகப் போவதில்லை. சர்க்கரை போட்ட காபி ஓரமாக உள்ளே இறங்கினால் அங்கேயே தேங்கி நிற்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி அந்தச் சர்க்கரையைப் பசையாகவும் அமிலமாகவும் மாற்றும். பல்மேல் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். அலைனரை 1, 2 வாரத்தில் மாற்றிவிடுவாய், பல்லை அப்படி மாற்ற முடியாது இல்லையா? அதனால் பல்லைத் தேய்த்து, இடுக்கில் ஃபிளாஸ் நூல் விட்டு, அப்புறம் மாட்டு. போட்டுக்கொண்டு வெறும் தண்ணீர் மட்டும் குடி.

அம்மா: கம்பி போட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே.

அக்கா: கம்பியில் இதைவிட அழுக்குச் சேரும் சித்தி, கழற்றித் தேய்க்க முடியாதே. இவனுக்கு அந்த வசதி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நான்: ஃபிளாஸ் விட்டால் ரத்தம் வருகிறது, அதனால் நிறுத்திவிட்டேன்.

அக்கா: நிறுத்தாதே. ஈறு வீங்கியிருப்பதால்தான் வருகிறது, மெதுவாகத் தினமும் செய்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குறையும். குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டு. டப்பாவையும் தினமும் கழுவிக் காயவை, ஈரத்தோடு மூடி வைத்தால் கழுவின அலைனரில் திரும்ப அதே கிருமிதான் ஏறும்.

நான்: (படம்) அலைனர் பிடித்துக்கொள்வதற்காக முன்பல்லில் ஒட்டியிருக்கிற பட்டனுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகத் தெரிகிறதே, இதுவும் படலமா?

அக்கா: பிரஷால் தேய்த்தால் போகிறதா?

நான்: இல்லை. இரண்டு தடவை தேய்த்துப் பார்த்தேன்.

அக்கா: அப்படியானால் எனாமலில் சத்து குறைய ஆரம்பித்த இடமாக இருக்கலாம். படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். குழி விழுவதற்கு முன்னால் பிடித்துவிட்டால் ஃபுளோரைடு வைத்து நிறுத்தப் பார்க்கலாம். அடுத்த செட் வாங்கப் போகும்வரை காத்திருக்காதே, இந்த வாரமே போய்க் காட்டு.

அம்மா: நாளைக் காலையில் நானே போன் போட்டு நேரம் கேட்கிறேன்.