மறு: ‘வைட் டர்ன்’ விபத்துக்குத் தமிழ்ச் சொல் என்ன?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நீண்ட லாரி சந்திப்பில் திரும்பும்போது பக்கத்தில் இருப்பவர் அதன் அடியில் சிக்கும் விபத்தை ஆங்கிலத்தில் ‘வைட் டர்ன்’ விபத்து என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாள்களாகப் படித்துவருகிறேன். விபத்து இழப்பீட்டு வழக்குகளின் மனுக்களையும் வாக்குமூலங்களையும் மொழிபெயர்த்துக் கொடுப்பதே என் தொழில். சென்னைப் பாரிமுனையில் உயர்நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் சிறுவழக்குகள் நீதிமன்றத்தில், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்குப் போகிற தாள்கள் பலவும் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. ஆகவே அகராதிக்கு அழகாக இருக்குமா என்பதைவிட, குறுக்கு விசாரணையில் நிற்குமா என்ற கண்ணோடு எழுதுகிறேன், பொறுத்தருள்க.

> ‘அகலத் திருப்பம்’ என்று நேராகச் சொல்லிவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஐயா. என்ன புரியும் என்பதுதான் என் கவலை. ‘அகலத் திருப்பம்’ என்றதும் ஓட்டுநர் தேவைக்கு மேல் சாலையை வளைத்துக்கொண்டார் என்ற பழி அந்தச் சொல்லிலேயே ஏறிவிடுகிறது. நாளிதழோ ‘லாரி சக்கரத்தில் சிக்கி இளைஞர் பலி’ என்று எழுதுகிறது. சக்கரம் பாட்டுக்குத் தன் வழியில் போக, இளைஞர் தாமே வந்து சிக்கிக்கொண்டது போன்ற தொனி. முதல் சொல்லில் ஓட்டுநர் குற்றவாளி, இரண்டாவதில் இறந்தவர் குற்றவாளி. விசாரணை தொடங்குமுன்பே தீர்ப்பைச் சொல்லிவிடும் சொல்லைக் கலைச்சொல்லாக ஏற்பது எனக்கு உடன்பாடில்லை.

நடப்பது என்ன என்பதை முதலில் பார்ப்போம். மாதவரம் ரவுண்டானாவிலோ மணலி எம்.எஃப்.எல். சந்திப்பிலோ பத்து நிமிடம் நின்றால் போதும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி இடப்பக்கம் திரும்பும்போது, முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் போவதில்லை. திருப்பத்தின் உட்புறமாக, நடைமேடையை ஒட்டிக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இது கணக்குக்குக் கட்டுப்பட்ட செயல். முன் அச்சு 12 மீட்டர் ஆரத்தில் வளைகிறது, இரண்டு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 12-இன் வர்க்கமான 144-இல் 6-இன் வர்க்கமான 36 போக 108. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 10.4. பின் அச்சு 1.6 மீட்டர் உள்ளே தள்ளி ஓடும் என்று பொருள். அதுவே 3.5 மீட்டர் அச்சிடைத் தூரமுள்ள இழுவை வண்டியின் பின்னால் 8 மீட்டர் டிரெய்லர் தொடர்ந்தால், உள்ளே தள்ளும் அளவு ஏறத்தாழ 3.8 மீட்டர் ஆகிறது. வழக்கமான சாலைத் தடம் ஒன்றின் அகலம் 3.5 மீட்டர்தான். முழு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் வரும் உச்ச அளவு இது. தொண்ணூறு பாகை திரும்பி உடனே நிமிர்ந்துவிடும் சந்திப்பில் இதைவிடக் குறையும். குறைந்தாலும், ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிற இடம் முழுவதையும் விழுங்கப் போதுமானது.

> பொறியியலில் இதை ‘ஆஃப் டிராக்கிங்’ என்கிறார்கள். ‘தடவிலகல்’ எனலாமா?

அம்மா, தங்கள் பரிந்துரை இலக்கணப்படி குறையற்றது. ஆனால் தமிழ்க் காதுக்குத் தடம் விலகுவது தவறு. இரயில் தடம் புரள்வதும் மனிதர் தடம் மாறுவதும் உடனே நினைவுக்கு வரும். பின்சக்கரம் எதிலிருந்தும் வழுவவில்லை, அதற்கு விதித்த தடத்தில்தான் ஓடுகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ‘வாகனம் தடம் விலகியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அப்படியானால் இது இயந்திரக் கோளாறுதானே’ என்று கேட்டால் நம்மிடம் விடை இல்லை. அதே வழக்குக் கோப்பில் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ‘விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் முன்வைப்பது ‘உள்வாங்கல்’. இதை நான் படைக்கவில்லை. ‘டிரெய்லர் பின்னாடி உள்ள வாங்கும் சார், அதனாலதான் கொஞ்சம் வலப்பக்கம் எடுத்துத் திருப்பணும்’ என்று ஓட்டுநர் ஒருவர் கூண்டில் நின்று சொன்னதை ஆங்கிலத்துக்கு மாற்ற முடியாமல் நான் விழித்த நாளில்தான் அந்தச் சொல்லின் அருமை தெரிந்தது. நம் சட்டைப்பையில் இருக்கிற சொல்லைத் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறோம். இதற்கு வினைவடிவம் உண்டு: வண்டி உள்வாங்கியது, உள்வாங்கும், உள்வாங்கும் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். அளவும் சொல்லலாம்: உள்வாங்கல் 1.6 மீட்டர். பழி ஏற்றாத சொல்லும் கூட.

> பட்டினப்பாக்கத்தில் கடல் உள்வாங்கியது என்று செய்தி வருகிறதே, குழப்பம் வராதா?

கடலுக்குப் பின்சக்கரம் இல்லை, தம்பி. ஐயம் வரும் இடத்தில் ‘பின்சக்கர உள்வாங்கல்’ என்று விரித்துக்கொள்ளலாம். மாணவர் பாடத்தை உள்வாங்குவதும் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு மூன்று வேலை இருப்பது தமிழில் புதிதல்ல.

உள்வாங்கல் வண்டியின் இயல்பு. அதைச் சமாளிக்க ஓட்டுநர் செய்வது மனிதச் செயல், பொறுப்பு என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே ‘வைட் டர்ன்’ மூட்டையில் கட்டிவிடுவதால், நாமும் ஒரே சொல்லைத் தேடி இடறினோம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் கனரக ஓட்டுநர் உரிமத்துக்கான கையேடு இதில் தெளிவாக இருக்கிறது. அங்கே போக்குவரத்து வலப்புறம் என்பதால் ஆபத்தான திருப்பமும் வலத் திருப்பம்; நமக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடமாக மாற்றிக்கொள்ள வேண்டும். திரும்பத் தொடங்கும்போதே எதிர்ப்பக்கம் ஒதுங்காதே, பின்னால் வருபவர் நீ அந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று எண்ணி உட்புறமாக முந்துவார்; அகலம் தேவையென்றால் திருப்பத்தை முடிக்கும்போது எடுத்துக்கொள் என்கிறது அது. பயிற்சியாளர்கள் முதல் வகையை நீர்க்குவளையின் கைப்பிடிக்கும், சந்திப்புக்குள் நேராகச் சென்று பிறகு சட்டென ஒடிக்கும் இரண்டாம் வகையைக் கொக்கிக்கும் ஒப்பிடுவார்கள்.

இரண்டாம் வகைக்குத் ‘தூண்டில் திருப்பம்’ என்ற பரிந்துரையை மகிழ்ச்சியோடு வழிமொழிகிறேன். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்காரருக்கு விளக்கவே வேண்டாம். முதல் வகைக்கு ‘எதிர்வீச்சு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தட்டச்சர் கட்டாயம் ‘கதிர்வீச்சு’ என்று திருத்திவிடுவார். ‘எதிரொதுங்கல்’ எப்படி? இடப்பக்கம் திரும்பவேண்டியவர் முன்னதாக வலப்பக்கம் ஒதுங்குவது. ‘ஒதுக்கம்’ என்று முடித்தால் நிதி ஒதுக்கம் குறுக்கே வரும் என்பதால் தொழிற்பெயரை ‘ஒதுங்கல்’ என்றே வைத்தேன்.

இந்தப் பிரிவினை வெறும் சொல் விளையாட்டில்லை. 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் ஒழுங்குமுறைகள், இடப்பக்கம் திரும்புகிறவர் இயன்ற அளவு இட ஓரத்தை ஒட்டியே திரும்பவேண்டும் என்றன. முந்துவது வலப்புறமாகத்தான் என்பது பொதுவிதி. வலப்பக்கம் திரும்பப்போவதாகச் சைகை காட்டிச் சாலை நடுவுக்கு வந்துவிட்ட வாகனத்தை மட்டும் இடப்புறமாகக் கடக்கலாம். 2017-இல் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் இவற்றின் இடத்துக்கு வந்தாலும், வழக்கின் முடிச்சு மாறவில்லை. எதிரொதுங்கிய லாரியைப் பார்த்து, அது வலப்பக்கம் போகிறது என்று நம்பி இடைவெளிக்குள் நுழைந்த மோட்டார் சைக்கிள்காரர் விதியை மீறினாரா, அல்லது விதி காட்டிய விலக்கைத்தான் பின்பற்றினாரா? இட சிக்னல் விளக்கு எரிந்ததா என்ற ஒரு கேள்வியில் வழக்கே புரண்டுவிடும். தூண்டில் திருப்பம் என்றால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

இனி நம் மனுக்களின் மொழி. முதல் தகவல் அறிக்கை முதல் இழப்பீட்டு மனு வரை, எந்த விபத்தானாலும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து’ என்ற ஒரே வாய்பாடுதான். சந்திப்பில் திரும்பும் டிரெய்லர் நடைவேகத்தை விடச் சற்றுக் கூடுதலாகத்தான் போகும். ‘அதிவேகம்’ என்று எழுதிவிட்டு அதை மெய்ப்பிக்க முடியாமல் மனுதாரர் திணறுவதைப் பார்த்து எனக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. வேகமே இல்லாத கவனக்குறைவைச் சொல்லத் தமிழில் ஒரு வாக்கியம் இல்லாததன் விலையை, கணவரை இழந்து இழப்பீட்டுக்காக அலையும் பெண் கொடுக்கிறார். உள்வாங்கல், எதிரொதுங்கல் என்ற இரண்டும் இருந்தால், விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீசார் எழுதும் பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் இருக்கும் அடையாளங்களைக் கொண்டே பேசலாம்: மோதியது லாரியின் முன்முனையா, இடப்புறப் பின்சக்கரமா? இரத்தக்கறை இட ஓரத்திலிருந்து எத்தனை அடியில் இருந்தது?

> ‘கான்ட்ரிபியூட்டரி நெக்ளிஜென்ஸ்’ = பங்களிப்புக் கவனக்குறைவு.

பங்களிப்பு என்றால் நம் ஊரில் கல்வெட்டில் பெயர் பொறிப்பார்கள். ‘தன்பங்குக் கவனக்குறைவு’ என்று வைத்துக்கொண்டால், பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறு என்பது சொல்லிலேயே விளங்கும். அவருடைய பங்கின் விழுக்காட்டுக்கு ஏற்ப இழப்பீடு குறையும். பாதிக்கப்பட்டவரிடம் தவறில்லாமல், வேறு இருவரின் தவறு சேர்ந்து அவரைக் கெடுத்தால் அது ‘கூட்டுக் கவனக்குறைவு’. இந்த வேற்றுமையை உச்சநீதிமன்றம் 2008-இல் டி.ஓ. அந்தோணி வழக்கில் விளக்கியது. 2015-இல் கென்யெய் வழக்கில், கூட்டுக் கவனக்குறைவாயின் முழுத் தொகையையும் தவறிழைத்த எவரிடமிருந்தும் பெறலாம் என்று உறுதிசெய்தது. ஒரே மோட்டார் சைக்கிளில் ஓட்டியவருக்கும் பின்னால் அமர்ந்தவருக்கும் இரண்டு கணக்கு வருவது இதனால்தான். லாரியின் இடப்புறம் நுழைந்த தவறு ஓட்டியவருக்குத் தன்பங்கு. பின்னால் அமர்ந்திருந்த தங்கைக்கோ அது கூட்டுத் தவறின் ஒரு பாதி, அவர் லாரியின் காப்பீட்டு நிறுவனத்திடமே முழுவதையும் கேட்கலாம். இரண்டுக்கும் ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லைப் போட்டு மொழிபெயர்த்த தாள்களைக் கண்டிருக்கிறேன்.

‘லயபிலிட்டி’க்குப் பொறுப்பா, கடப்பாடா என்ற நீண்ட சண்டையில் நான் இறங்கவில்லை. ‘பொறுப்பு’ போதும். ஓட்டுநரின் தவறுக்கு உரிமையாளர் ஏற்கும் ‘விகேரியஸ்’ வகைக்கு மட்டும் ‘பகரப் பொறுப்பு’ என்று அடை சேர்த்துக்கொள்ளலாம்.

சாலையை அமைத்தவரை இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துவிட்டோம் என்று ஒரு நண்பர் குறைபட்டிருந்தார். நியாயம். 2019 திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198அ பிரிவு, சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. திருப்பத்தின் ஆரம் எத்தனை, வண்டியின் உள்வாங்கல் எத்தனை என்று எண்ணால் கேட்க முடிந்தால்தான் அந்தப் பிரிவுக்கே உயிர் வரும். சென்னையில் பாதி முனைகளில் அந்த ஆரத்தின் மேல் இளநீர்க் கடை இருக்கிறது என்பது வேறு கதை.

சொற்களை ஓட்டிப் பார்க்க ஒரு மனுப் பத்தியை எழுதிப் பார்த்தேன். திருத்தம் இருந்தால் வரிக்கு வரி சொல்லுங்கள்:

‘முதல் எதிர்மனுதாரர் தாம் ஓட்டிய டிரெய்லர் லாரி திருப்பத்தில் உள்வாங்கும் என்பதை அறிந்திருந்தும், தூண்டில் திருப்பமாக எடுக்கப் போதிய இடம் இருந்தும், இட சிக்னல் காட்டாமல் வலப்புறம் எதிரொதுங்கி, இடப்புறக் கண்ணாடியைப் பாராமலும், உடன் வந்த கிளீனரைக் கொண்டு கவனிக்காமலும் இடப்பக்கம் திருப்பியதால், உள்வாங்கிய இடப்புறப் பின்சக்கரம் மனுதாரரின் கணவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளின் மீது ஏறியது.’

‘அதிவேகமாகவும்’ என்பதைச் சேர்க்கவில்லை. வழக்கறிஞர் சேர்க்கச் சொல்வார். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாரிமுனை மொழிபெயர்ப்பாளன்