ரீட்-ஒன்லி எண்டு நம்பிக் குடுத்த போல்டர்: ஆர் ஆருக்கு அடி விழுந்தது?

கோண்டாவிலான்:
முந்தி ஒரு வீடியோ ஸ்ரூடியோவிலை சேர்வர் பாத்தனான். கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி எல்லாம் ஹோஸ்டிலை, அதாவது உண்மையான பெட்டியிலை, ஒரே போல்டர். அதுக்குள்ளை தனிப் பெட்டி மாதிரி ஓடுற கெஸ்ட் மூண்டு, மூண்டும் எல்எக்ஸ்சி எண்ட லினக்ஸ் கொன்ரெய்னர். கடைசிக் கெஸ்ட் பழக வந்த பொடியனுக்கு. ஒவ்வொண்டின்ரை ரூட் போல்டருக்குள்ளையும் நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அந்தப் போல்டரை பைண்ட் மவுண்ட் பண்ணி (ஒரே போல்டரை இன்னொரு இடத்திலையும் தெரிய வைக்கிறது), பக்கத்திலை ஆர்ஓ (ரீட்-ஒன்லி, வாசிக்க மட்டும்) எண்டும் போட்டுவிட்டனான். இனி ஆரும் கை வைக்கேலாது எண்ட நிம்மதி.

ஒருநாள் பின்னேரம் பொடியன் தன்ரை கெஸ்டிலை முப்பது நாளுக்கு மேலை பழசான பைலுகளை அழிக்கிற ஸ்கிரிப்டை ஓட விட்டிருக்கிறான். பாதையிலை ஒரு சொல்லுப் பிழை. நான் ஹோஸ்டிலை வேறை அலுவலா எண்ணிப் பாத்தால் 2,140 கிளிப். ரீ குடிச்சிட்டு வந்து எண்ண 1,876. நான்தான் பிழையா எண்ணிப்போட்டன் எண்டு திரும்ப அடிச்சன். 1,869. அடிக்க அடிக்கக் குறையுது. ஷட்டவுண் எல்லாம் இல்லை, பவர் வயரையே பிடிச்சு இழுத்தன்.

பிறகு லொக் பைலைப் பாத்தால், ஒவ்வொரு பூட்டிலையும் மவுண்ட் கொமாண்ட் 'இது ரீட்-ரைட்டாத்தான் ஏறியிருக்குப் போலை' எண்டு ஒரு எச்சரிக்கை எழுதி வச்சிருக்கு. ஆர் வாசிச்சது? ஆனாலும் ஆர்ஓ எண்டு கேட்டவனுக்கு அதைக் குடுக்காமல், எரர் எண்டு நிக்காமலும் ஏத்திவிட்டது லினக்ஸ் செய்த துரோகம்தான்.

மெஷின்ரூம்_மாமா:
தம்பி, லினக்ஸைத் திட்டாதையும். பைண்ட் பண்ணேக்கை குடுக்கிற ஆர்ஓவைக் கேர்ணல், அதான் லினக்ஸின்ரை மையப் பகுதி, கணக்கெடுக்காது. முதல் பைண்ட், பிறகு 'ரீமவுண்ட், பைண்ட், ஆர்ஓ' எண்டு இரண்டாந்தரம் சொல்லோணும். 2008இல் 2.6.26 கேர்ணலோடை ரீட்-ஒன்லி பைண்ட் வந்த காலத்திலையிருந்து இதுதான் முறை. 2015இல், மவுண்ட் கொமாண்ட் இருக்கிற யூட்டில்-லினக்ஸ் தொகுதியின்ரை 2.27 வந்த பிறகு மவுண்ட் கொமாண்டே அந்த இரண்டாவது அடியையும் தானே எடுத்து வைக்குது. உம்மடை பெட்டியிலை அதுக்கு முந்தினது கிடந்திருக்கும்.

என்ரை கதை சின்னன். மவுண்ட் எல்லாம் ஒழுங்கு. ஆனால் அந்தப் போல்டருக்குள்ளை பக்கப் எண்டொரு உள் போல்டர், அதிலை யூஎஸ்பி டிஸ்க் தனியா ஏறியிருந்தது. உள் மவுண்டுகளையும் சேர்த்து எடுக்கிற ஆர்பைண்டாலை அதுவும் சேர்ந்து கெஸ்டுக்குள்ளை போட்டுது. மேல் போல்டர் ரீட்-ஒன்லி, டிஸ்க் ரீட்-ரைட். நான் மறிச்சதை விட்டுட்டு பக்கப்பை அழிச்சாங்கள்.

இனிக் கவனமாக் கேளும். ரீமவுண்ட் மேல் மவுண்டை மட்டுந்தான் தொடும், உள்ளுக்கை இருக்கிறதுகளைத் தொடாது. 5.12 கேர்ணல் வந்த பிறகுதான், அது 2021, அடுக்கு முழுதையும் ஒரேயடியா மாத்த வழி கிடைச்சது. புதுக் கேர்ணலிலை டொக்கர் எண்ட கொன்ரெய்னர் மென்பொருளின்ரை 25ஆம் பதிப்பு அதைத் தானாவே செய்யும். பழையதெண்டால் ஒவ்வொண்டாத் தேடிச் செய்யோணும். கெஸ்டுக்குள்ளை போய், என்னென்ன எப்பிடி ஏறியிருக்கு எண்டு காட்டுற ப்ரொக் மவுண்ட்ஸை வாசியும், கொன்பிக் பைலை நம்பாதையும். ரச் கொமாண்ட் அடிச்சு, புதுப் பைல் உண்டாகுதோ எண்டு பாரும். ஒவ்வொரு உள் போல்டரிலையும் அடியும், மேலை மட்டும் அடிச்சிட்டு எழும்பாதையும். யூபிஎஸ் பற்றரி கடைசியா எப்ப மாத்தினது? அதையும் பாரும். வயரை இழுக்கிற பழக்கத்தை விடும், பைல் சிஸ்டத்துக்குக் கூடாது. எல்லாத்துக்கும் மேலை, ரீட்-ஒன்லி பக்கப் இல்லை. 97,000 புத்தகத்தை ஒரே கட்டடத்திலை வச்சு 1981இல் பறிகுடுத்த ஊர் இது. வேறை இடத்திலை ஒரு பிரதி இல்லாமல் நீர் என்னெண்டு நித்திரை கொண்டனீர்?

சுன்னாகம்_சீமெந்து:
மாமா, நூலகத்தை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ. அது எரிச்சது, இது பொடியன்ரை எழுத்துப்பிழை.

எனக்கு நடந்தது வேறை மாதிரி. 2022, சீமெந்து விலை காலமை ஒண்டு பின்னேரம் ஒண்டு. ஹோஸ்டிலை விலைப் பட்டியல் ஒரே ஒரு பைல். பில் போடுற கொன்ரெய்னருக்கு அந்தப் பைலை மட்டும் ரீட்-ஒன்லியா பைண்ட் பண்ணிக் குடுத்திருந்தன். ஹோஸ்டிலை, பைலுக்குள்ளை எழுத்தை மாத்துற செட் (sed -i) கொமாண்டாலை விலையை மாத்துவன், மாத்தினது கண்ணுக்கு முன்னாலை தெரியும். கொன்ரெய்னருக்குள்ளை பழைய விலை. மறுநாள் மேசன் ஒராள் இரண்டு பில்லைக் கவுண்டரிலை பக்கத்திலை பக்கத்திலை வச்சார். ஒண்டு இரவு ரீஸ்டார்ட்டுக்கு முதல், மற்றது பிறகு. இடையிலை விலை மாறவேயில்லை எண்டு அவருக்கும் தெரியும். "எந்த விலை தம்பி உண்மையான விலை?" பின்னாலை ஏழெட்டுப் பேர் வரிசையிலை நிக்கினம்.

செட் பழைய பைலுக்குள்ளை எழுதாது. புதுசா ஒண்டை எழுதி அதே பேரை வச்சுவிடும். பைண்ட் பிடிச்சிருக்கிறது பேரை இல்லை, பழைய ஐநோடை, அதாவது பேருக்குப் பின்னாலை டிஸ்கிலை கிடக்கிற பழைய பைலை. போல்டரையே பைண்ட் பண்ணின பிறகு கரைச்சல் இல்லை.

பனங்கிழங்கு:
இவ்வளவு கதை என்னத்துக்கு? ஹோஸ்டிலை போல்டருக்கு சீஎச்மோட் 555 (எல்லாரும் வாசிக்கலாம், ஆரும் எழுதேலாது) அடிச்சால் முடிஞ்சுது.

மெஷின்ரூம்_மாமா:
பனங்கிழங்கு, எல்லா அதிகாரமும் இருக்கிற ரூட் பயனருக்கு 555 என்ன 000 என்ன? பிரிவிலெஜ்ட் கொன்ரெய்னருக்குள்ளை இருக்கிற ரூட் ஹோஸ்டின்ரை ரூட்தான். அப்ஆர்மர் எண்ட காவலையும் கழட்டிவிட்டால் உள்ளுக்கையிருந்தே ரீமவுண்ட் பண்ணி ரீட்-ரைட் ஆக்குவான். அன்பிரிவிலெஜ்ட், அதாவது உள் ரூட்டுக்கு வெளியிலை அதிகாரமில்லாத கொன்ரெய்னர் எண்டால் கேர்ணல் அந்த ஆர்ஓவைப் பூட்டி வைக்கும், கழட்ட விடாது.

பனங்கிழங்கு:
அன்பிரிவிலெஜ்டிலை போட்டுத்தான் நான் இரண்டு நாள் கிடந்து அலைஞ்சது. பைல் எல்லாத்துக்கும் சொந்தக்காரன் நோபொடி, 65534 எண்டு காட்டுது, வாசிக்கவும் விடுதில்லை. ஹோஸ்டின்ரை ரூட் உள்ளுக்கை ஆருமில்லை, உள்ளுக்கை இருக்கிற ரூட் வெளியிலை 100000 எண்ட இலக்கப் பயனர். கடைசியிலை எல்லாரும் வாசிக்கலாம் எண்டு போல்டரைத் திறந்துவிட்டதாலைதான் 555 எண்டு சொன்னனான். நீங்கள் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இரவுப்பணி:
டொக்கருக்குக் கட்டளை போற வாசலான டொக்கர் சொக்கெற்றை ஒரு கொன்ரெய்னருக்கு ரீட்-ஒன்லியாக் குடுத்து, பத்திரம் எண்டு ஒரு வருசம் இருந்தனான். உள்ளுக்கையிருந்த மொனிற்றரிங் கருவி ஒருநாள் தன்ரை பாட்டிலை பக்கத்துக் கொன்ரெய்னரை நிப்பாட்டினது. ரீட்-ஒன்லி எண்டால் அந்தச் சொக்கெற் பைலை அழிக்கேலாது, அவ்வளவுதான். அதுக்குள்ளாலை டொக்கருக்குக் கட்டளை குடுக்க ஒரு தடையும் இல்லை. மாமா, யூபிஎஸ் பற்றரி நல்லாத்தான் கிடக்கு, கேக்காதேங்கோ.

சுன்னாகம்_சீமெந்து:
கோண்டாவிலான், பிறகு கிளிப்புகள் என்ன ஆச்சு?

கோண்டாவிலான்:
மாமா கேட்டதுக்கு: பிரதி இருந்தது, மூண்டு மாசம் பழசு. டிஸ்கைக் கழட்டி ரிக்கவரி போட்டதிலை கொஞ்சம் வந்தது. மிச்சம் கமெராக்காரன்ரை மெமரி கார்ட்டிலை. எல்லாம் சேர்த்துப் பாக்க, ஒரு சாமத்தியவீட்டிலை தாய்மாமன் பாலறுகு வைக்கிற துண்டு மட்டும் இல்லை. அந்த மனிசன் அதுக்கெண்டு கனடாவிலையிருந்து வந்து நிண்டவர். முதலாளி மற்றக் கமெராவிலை தூரத்திலை நிண்டு எடுத்ததை வெட்டி ஒட்டி, மேலை நாதஸ்வரத்தைப் போட்டு டிவிடியைக் குடுத்திட்டார். அதிலை ஆற்றையோ முதுகுதான் தெரியும்.

அந்த வீட்டுக்காரர் ஒருநாளும் கேக்கேல்லை. பாத்தினமோ தெரியாது. போன வருசம் நல்லூர்த் தேருக்கு அந்தப் பிள்ளையின்ரை தாய் தெற்கு வீதியிலை நிண்டவ. நான் வடக்காலை சுத்திப் போனன்.