ஓனோமேயா வளைகுடாத் தாவரத் தோட்டம்: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி

வணக்கம். டிசம்பரில் பெற்றோருடன் ஹவாயின் பெரிய தீவுக்குச் செல்கிறோம். எரிமலைப் பூங்காவைப் பார்த்த மறுநாள் ஹீலோவில் அரை நாள் மிஞ்சுகிறது. அதை ஓனோமேயா வளைகுடாவை ஒட்டிய வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தில் கழிக்கலாம் என்பது என் எண்ணம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஊரில் தென்னந்தோப்பு வைத்திருந்த அப்பாவோ, "செடி பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்கிறார். சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

தோட்டம் ஒரு பள்ளத்தாக்கின் வழியே கடலை நோக்கி இறங்குகிறது. நுழைவாயிலை அடுத்த மரப்பலகைப் பாதை நல்ல சரிவானது. இறங்கும்போது அதன் கடினம் தெரியாது, ஆனால் திரும்பும்போது அதே வழியில்தான் ஏற வேண்டும். நாங்கள் சென்ற அன்று பலகைகள் நனைந்திருந்ததால், என் மாமியார் கைப்பிடியை விடாமல், பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கியபடியே மேலே வந்து சேர்ந்தார். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு வண்டி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கொசுமருந்தை மறக்க வேண்டாம்.

பதில் 2

அப்பாவின் கேள்விக்கு அந்த இடத்தின் கதையே பதில். சான் பிரான்சிஸ்கோவில் லாரித் தொழில் நடத்திய டான் லுட்கென்ஹவுஸ் 1977இல் இங்கே 17 ஏக்கர் வாங்கியபோது அது புதர் மண்டிய காடாக இருந்தது. மண்ணும் வேர்களும் சிதையக் கூடாது என்று, பெரும்பகுதியை இயந்திரமின்றிக் கத்தியாலும் மண்வெட்டியாலுமே வெட்டிப் பாதை அமைத்து, 1984இல் பொதுமக்களுக்குத் திறந்தார். இன்று 2,000க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் அங்கு வளர்கின்றன. இலையில்லாத தண்டு தரையிலிருந்து நேரே எழும்பி, அதன் நுனியில் மெழுகில் வார்த்த தீப்பந்தம் போலப் பூக்கும் இஞ்சிக் குடும்பச் செடியின் முன்னால் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். தென்னை வளர்த்தவருக்குப் பனைக் குடும்பத்தின் உறவுக்காரர்கள் இத்தனை பேரா என்று வியப்பாக இருக்கும். நம் ஊர்ச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய வடிவங்களையும் அவர் அடையாளம் கண்டுகொள்வார்.

பதில் 3

கட்டணமின்றி வளைகுடாவுக்கு இறங்கும் பொதுப்பாதை ஒன்று அருகிலேயே இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அது சேறும் வேருமாக வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. மழையைப் பற்றியும் ஒரு சொல்: கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மௌனா கியா எரிமலையின் சரிவில் மோதி மேலேறுவதால் ஹீலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. மழை விடட்டும் என்று காத்திருந்தால் அரை நாளும் போய்விடும், நனைந்தபடியே பாருங்கள். கடலோரத்தில் புகழ்பெற்ற கல் வளைவு ஒன்று இருந்தது, 1956இல் இடிந்துவிட்டது. பழைய புகைப்படத்தை நம்பி அதைத் தேட வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வண்டி பற்றித் தோட்டத்தாரிடம் கேட்டுவிட்டே முடிவு செய்கிறேன். இல்லையென்றால் அம்மாவும் நானும் மேலேயே இருந்துகொள்கிறோம். பனை மரங்களை எண்ணிவரும் வேலை அப்பாவுடையது.