விசிலை எண்ணுறதா, நிமிஷம் பாக்குறதா? எங்க வீட்டு குக்கர் பஞ்சாயத்து

ஈரோட்டு_மருமகன்:
வணக்கம் மக்களே. எங்க வீட்ல அடுப்புல குக்கர வச்சுட்டா ஆளுக்கு ஒரு பக்கம் போயிடுவாங்க, காது மட்டும்தான் சமையக்கட்டுல இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை சாம்பாருக்கு துவரம்பருப்பு வச்சுட்டு என் மனைவி துணி காயப்போட பால்கனிக்குப் போயிட்டாங்க, அம்மா பூஜை ரூம்ல, அப்பா ஹால்ல பேப்பரோட. "எத்தன விசிலுங்க மாமா வந்துச்சு"ன்னு பால்கனில இருந்து கேட்டா அப்பா நாலுங்கறாரு, அம்மா அஞ்சுன்னு அடிச்சுச் சொல்றாங்க, சரின்னு அடுப்ப அணைச்சாச்சு. வெயிட் அடங்குனதும் மூடியத் தொறந்தா மேல தண்ணி தெளிஞ்சு நிக்குது, அடியில பருப்பு போட்டது போட்டபடி கிடக்குது. அந்த நேரம் பாத்து ஒரு விசில்! எங்க குக்கர் தொறந்து மேடைல இருக்கு, ஆனா சத்தம் எங்க சமையக்கட்டுக்குள்ளயே கேக்குது. எங்களுக்கும் பக்கத்து ஃப்ளாட்டுக்கும் நடுவுல பைப்பு இறங்குற சந்து ஒண்ணு இருக்குங்க, ரெண்டு வீட்டு சமையக்கட்டு ஜன்னலும் அதுக்குள்ளதான் தொறக்குது. மனைவி போயி அந்த அக்காகிட்ட கேட்டா, அவங்க வீட்லயும் கொஞ்ச நாளா கொண்டக்கடலை சரியா வேகறதே இல்லையாம், மளிகைக்கடைல பழைய சரக்க தள்ளிவிட்டாங்கன்னு நெனச்சு கடையவே மாத்திட்டாங்களாம். அவங்க விசில நாங்களும் எங்க விசில அவங்களும் எண்ணிட்டு இருந்திருக்கோம்!

இதுல இருந்து நான் சொல்ல வர்றது என்னன்னா, விசில் எண்ணிக்கைய நம்பி சமைக்கறதே தப்பு. முத விசில் வந்தாச்சுன்னா உள்ள சூடு 120 டிகிரி பக்கம் வந்துருச்சுன்னு அர்த்தம், அதுக்கு மேல எவ்வளவு தீய ஏத்துனாலும் வெயிட் தூக்கி ஆவிய வெளிய விட்டுரும், சூடு ஏறாது. தீ பெருசா இருந்தா மூணு நிமிஷத்துல அஞ்சு விசில் வரும், அதையே சிம்ல வச்சா அஞ்சு விசிலுக்கு கால்மணி நேரம் ஆகும். ரெண்டும் அஞ்சுதான், பருப்புக்கு ரெண்டும் ஒண்ணா? முத விசிலோட சிம்ல வச்சுட்டு அங்கிருந்து நிமிஷத்த பாருங்க. உங்க வீட்ல எப்படின்னு சொல்லுங்க.

கரூர்_காமாட்சி:
தம்பி, பக்கத்து வீட்டு விசில எண்ணுனது காதோட தப்பு, விசிலு என்ன பண்ணும்? எங்க வீட்ல மாமியார், மாமனார், கொழுந்தன் குடும்பம் எல்லாம் சேத்து பத்து பேருக்கு சமைக்கிறேன். என் குக்கர் சத்தம் எனக்குத் தெரியும், முதல்ல ரெண்டு தடவ புஸ்ஸு புஸ்ஸுன்னு இழுத்துட்டு அப்புறம்தான் அடிக்கும், மாமியார் குக்கர் சட்டுனு கீச்சுன்னு கத்தும். குளிக்கப் போனாலும் கேக்கும், மாடில வத்தல் காயப்போட்டாலும் கேக்கும். கடிகாரத்தப் பாக்கணும்னா நான் அடுப்புகிட்டயே நிக்கணும். எங்கம்மா, என் மாமியார், நான், மூணு தலைமுறை விசில எண்ணித்தான் சோறு போட்டிருக்கோம், யாரும் அரைவேக்காடு தின்னுட்டு எந்திரிக்கல.

ஈரோட்டு_மருமகன்:
அக்கா, நீங்க தினமும் அதே அடுப்பு, அதே தீ, அதே அளவு வைக்கிறீங்க, அதனாலதான் அந்த எண்ணிக்கை சரியா வருது. அதாவது விசில் உங்களுக்கே தெரியாம நிமிஷத்தத்தான் எண்ணிக் குடுக்குது. கேஸ் தீரப்போற நேரத்துல தீ மெலிஞ்சு எரியுமே, அன்னைக்கு அதே அஞ்சு விசில் விட்டுப் பாருங்க, பருப்பு களியாயிரும். இன்டக்ஷன் அடுப்புல வச்சா விசில் படபடன்னு வந்துரும், உள்ள ஒண்ணும் வெந்திருக்காது. குக்கர் வாங்குறப்ப கூட ஒரு புஸ்தகம் குடுப்பாங்க, யாரும் பிரிக்கிறதில்ல, அதுல நிறைய கம்பெனி முத விசிலுக்கு அப்புறம் தீயக் குறைச்சு இத்தன நிமிஷம்னுதான் போட்டிருக்கான்.

நியூஜெர்சி_ராஜா:
நான் மருமகன் பக்கம். எங்கம்மா இங்க வந்தப்ப வீட்ல இருந்தது வெளிநாட்டு மாடல் குக்கர், வால்வுல இருந்து ஒரே சீரா மெல்லிசா ஆவி வருமே தவிர விசிலே அடிக்காது. நாங்க வேலைக்குப் போயிட்டோம், அம்மா சாதம் வச்சுட்டு விசிலுக்குக் காத்திருக்காங்க, காத்திருக்காங்க, வரவே இல்ல. "இந்த ஊரு கேஸுல சூடே இல்லடா"ன்னு எனக்கு போன் வேற. சாயங்காலம் வந்து பாத்தா சாதம் அடிப்பிடிச்சு, அடியில ஒரு விரக்கட கருப்பு. கைப்பக்குவத்துல அவங்கள மிஞ்ச எங்க சொந்தத்துல ஆள் கிடையாது, அப்பேர்ப்பட்டவங்களுக்கே விசில எடுத்துட்டா சோறு வெந்துச்சா இல்லையான்னு தெரியலன்னா அந்தப் பழக்கம் எவ்வளவு ஆபத்துன்னு யோசிங்க. இப்ப டைமர் இருக்குற எலக்ட்ரிக் குக்கர் வாங்கியாச்சு.

கரூர்_காமாட்சி:
அதுல அம்மா தப்பு எங்க தம்பி இருக்கு? விசில் அடிக்காத குக்கர வாங்கி வச்சுட்டு அவங்களுக்குச் சொல்லாம வேலைக்குப் போனது நீங்க. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா அந்த அரிசி வீணாயிருக்காது.

மாயவரம்_பேத்தி:
காமாட்சி அக்காவுக்கு என் ஓட்டு. எங்க பாட்டிக்கு கண்ணுல புரை, கடிகார முள்ளு தெரியாது, போன்ல டைமர் வைக்கவும் வராது. அவங்க அடுப்புக்குப் பக்கத்துல ஒரு பழைய விபூதி டப்பால புளியங்கொட்டை போட்டு வச்சிருப்பாங்க, ஒவ்வொரு விசிலுக்கும் ஒண்ண எடுத்து ஜன்னல் திட்டுல வைப்பாங்க, விரலால தடவிப் பாத்தே எத்தனைன்னு சொல்லிடுவாங்க. ஒரு தடவ கீரைக்கூட்டுக்குப் பாசிப்பருப்பு வச்சிருந்தாங்க, எப்பவும் மசிஞ்சு வர்றது அன்னைக்கு நறுக்கு நறுக்குனு இருந்துச்சு, பாட்டிக்கு மனசே ஆறல, "எனக்கு ஞாபகம் போயிடுத்து"ன்னு ரெண்டு நாள் பேசவே இல்ல. அப்புறம்தான் என் தம்பி பையன் மாட்டுனான். அவனுக்கு ரெண்டு வயசு. பாட்டி திட்டுல கொட்டைய வைக்கிறதப் பாத்துட்டு, அவங்க திரும்புன நேரம் அவனும் டப்பாவுக்குள்ள கையவிட்டு பாட்டிக்கு ஒத்தாசையா நாலஞ்சு அடுக்கிட்டுப் போயிருக்கான். டப்பாவ மேல் தட்டுக்கு ஏத்துனோம், அன்னையில இருந்து பருப்பு சரியா வேகுது. விசில் இல்லன்னா எங்க பாட்டி அடுப்படிக்குள்ளயே வர முடியாது, அவங்க கையால சமைக்கிற சந்தோஷத்த எந்த டைமர் குடுக்கும்?

ஈரோட்டு_மருமகன்:
உங்க பாட்டிக்கு என் நமஸ்காரத்தச் சொல்லுங்கம்மா, நெஜமாவே ரொம்பப் பிடிச்சிருக்கு. நான் விசிலே வேண்டாம்னு சொல்லலயே, முத விசில் வேணும், அது உள்ள ஆவி நெறஞ்சாச்சுன்னு தகவல் சொல்லுது. ரெண்டாவது மூணாவதுக்குத்தான் அர்த்தம் இல்லங்கறேன். முத விசில் வந்ததும் சிம்ல வச்சுட்டு ரேடியோல ரெண்டு பாட்டு முடியறவரைக்கும் விட்டா ஏழெட்டு நிமிஷம் ஆயிரும், ஊறவச்ச பருப்புக்கு அது போதும்.

மாயவரம்_பேத்தி:
நடுவுல விளம்பரம் வருமேண்ணா! அதையும் சேத்து எண்ணுறதுக்கு கொட்டையே தேவல.

ரிப்பேர்கடை_பாய்:
ரெண்டு பக்கமும் படிச்சேன். 20 வருஷத்துக்கு மேல குக்கர் மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர் பாக்குறேன். விசில் எண்ணுறவங்க குக்கரும் வருது, நிமிஷம் பாக்குறவங்க குக்கரும் வருது. ரெண்டு பேரும் பாக்காத சங்கதி ஒண்ணு இருக்கு, எத்தன விசில் வருதுங்கறது வெயிட்டு, காஸ்கெட்டு, வெயிட் உக்கார்ற குழாய் மூணும் எப்படி இருக்குங்கறதப் பொறுத்தது. காஸ்கெட் தளந்துட்டா ஓரத்துல ஆவி போயிரும், விசில் வராது, உள்ள தண்ணி சுண்டும். அத ஃப்ரீசர்ல கொஞ்ச நேரம் வச்சு மாட்டுனா இறுகிக்கும்னு வீட்ல கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க, அது உண்மைதான், அவசரத்துக்கு அன்னைக்கு ஒரு வேள ஓடும், அதையே மாசக்கணக்கா ஓட்டிட்டு எங்கிட்ட வந்து குக்கர் சரியில்லன்னு சொன்னா எப்படிம்மா.

பெரிய சமாச்சாரம் குழாய்தான். பருப்பு நுரை, கீரை இலை, தக்காளித் தோலு ஏறி அடைச்சுக்கும். கழுவுறப்ப வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு அந்த ஓட்டை வழியா பாருங்க, வெளிச்சம் தெரியணும், தெரியலன்னா ஈர்க்குச்சி விட்டு எடுத்துருங்க. அடைச்சிருந்தா விசில் வராது, நீங்க விசிலுக்குக் காத்திருப்பீங்க, சேஃப்டி வால்வு பிச்சிக்கிட்டு போயி பருப்பு நேரா மேல. போன மாசம் ஒரு வீட்ல காலிங்பெல் அடிச்சதும் அந்தம்மா வெளிய போயிருக்காங்க, திரும்பி வந்தா சீலிங்கெல்லாம் மஞ்சளா சொட்டுது, கொரியர்காரர் வந்த நேரம் நல்ல நேரம். வீட்டுக்காரர் ஏணி போட்டுத் துடைச்சாரு, மஞ்சத்தூள் கறை போகல, அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிச்சாரு. பருப்புன்னா குக்கர்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ரொப்பாதீங்க, ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்க, நுரை அடங்கும். வேற கம்பெனி வெயிட்ட மாட்டாதீங்க.

கரூர்_காமாட்சி:
பாய் சொல்றது சரி. நாங்க துவரம்பருப்புக்கு ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய் விடுவோம், சீக்கிரம் வெந்து குழைஞ்சு வரும், மாமியார் சொல்லிக் குடுத்தது.

சரித்திர_சாமி:
இந்த வெயிட் எதுக்கு வந்துச்சுன்னு யாரும் சொல்லலயே. 1679ல லண்டன்ல டெனிஸ் பாப்பின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எலும்பு மெத்துனு ஆகுற அளவுக்கு வேக வைக்க இறுக்க மூடுன ஒரு பாத்திரம் செஞ்சார், அது வெடிக்காம இருக்கத்தான் எடை வச்ச ஒரு வால்வ மாட்டுனார். இன்னைக்கு நம்ம குக்கர் மேல உக்காந்திருக்கறது அதோட வாரிசுதான். காவலுக்கு வச்ச பொருள எடுத்து கணக்குப்புள்ள வேலைக்கு வச்சிருக்கோம், மருமகன் சொல்றதுதான் நியாயம்.

கரூர்_காமாட்சி:
எதுக்கு வந்துச்சுங்கறதா முக்கியம்? மாட்டுக் கழுத்துல மணி கட்டுறது தொலையாம இருக்க, ஆனா அந்தச் சத்தத்த வச்சே மாடு மேயுதா படுத்திருக்கான்னு எங்க தாத்தா திண்ணைல உக்காந்தபடி சொல்லுவாரு. கேட்டுக் கேட்டு வர்ற அறிவு அது, அதப் போயி கணக்குத் தப்புன்னு தள்ளுறீங்களே.

ஊட்டி_குளிர்:
நிமிஷக்காரங்களுக்கு ஒரு கேள்வி. இங்க 2,240 மீட்டர் உயரத்துல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சுரும். குக்கருக்குள்ள ஏறுற பிரஷர் வெளிக்காத்துக்கு மேலதான் ஏறுது, வெளிக்காத்தே இங்க லேசு, அதனால முத விசில் வர்றப்ப உள்ள சூடு கீழ இருக்கறத விட நாலஞ்சு டிகிரி கம்மி. கோயம்புத்தூர்ல இருந்து கல்யாணமாகி வந்த என் நாத்தனார், அவங்கம்மா எழுதிக் குடுத்த நிமிஷக் கணக்க அப்படியே வச்சு ராஜ்மா செஞ்சாங்க. மாப்பிள்ளை வீட்டு விருந்து, ஆளுக்கு ஒரு வாய் வச்சாங்க, கடக்கு கடக்குன்னு சத்தம், அப்புறம் எல்லாரும் சப்பாத்திக்கு ஊறுகாய் தொட்டுக்கிட்டாங்க. ராஜ்மா அரைவேக்காட்டுல தின்னா வயித்துக்கு ஆகாது, வாந்தி வரும், நல்லவேள நிறுத்திக்கிட்டாங்க. உங்க நிமிஷமும் ஊருக்கு ஊரு மாறுது.

ஈரோட்டு_மருமகன்:
மாறும், ஆனா ஊட்டிக்கு ஒரு தடவ பாத்து வச்சுக்கிட்டா வருஷம் பூரா அதேதான். கூட ரெண்டு மூணு நிமிஷம், முடிஞ்சுது. விசில் கணக்குன்னா கேஸ் குமிழ எவ்வளவு திருப்புனோங்கறதுலயே தினம் மாறும். அப்புறம் போர் தண்ணில பருப்பு லேசுல வேகாது, பழைய பருப்பும் அப்படித்தான், புளிய முன்னாடியே ஊத்துனாலும் இறுகிக்கும். இதெல்லாம் ரெண்டு கட்சிக்கும் பொது, அத நிமிஷத்து மேல போடாதீங்க. ஒவ்வொரு விசிலுக்கும் வெளிய போறது நீங்க காசு குடுத்து வாங்குன கேஸோட சூடு, அதையும் நெனச்சுப் பாருங்க.

கரூர்_காமாட்சி:
சரி தம்பி, கணக்குன்னு வந்துட்டீங்க, நானும் கணக்கே கேக்கறேன். அடுப்ப அணைச்ச பிறகும் வெயிட் அடங்கற வரைக்கும் உள்ள வெந்துக்கிட்டுத்தான இருக்கு? எங்க பெரிய குக்கர்ல அது கால்மணி நேரம் ஆகும், சின்னதுல அஞ்சாறு நிமிஷத்துல அடங்கிரும். அது உங்க நிமிஷத்துல எங்க வருது? அதுவும் காலைல ஒரு பர்னர்ல குக்கர், ஒண்ணுல தோசைக்கல்லு, ஸ்கூல் வேன் தெருமுனைல ஹாரன் அடிக்குது, அப்ப சிம்ல வச்சு பத்து நிமிஷம் ஒரு அடுப்ப முடக்க எனக்கு வசதி இல்ல. பெருந்தீயில மூணு விசில் விட்டு இறக்கி ஓரமா வச்சுட்டா அதுபாட்டுக்கு உள்ளயே வெந்துரும், அடுப்பு சும்மாவாச்சு, நான் அடுத்தத வைப்பேன்.

ஈரோட்டு_மருமகன்:
பெரிய குக்கர், முழுசா நெறைச்சு வச்சிருக்கீங்க, அதனால சூடு நிக்குது. அதே மூணு விசில எங்க வீட்டு மூணு லிட்டர் குக்கர்ல ரெண்டு ஆழாக்கு பருப்புக்கு விட்டா வேகாது. உங்க எண்ணிக்கை உங்க வீட்டுக்கு மட்டும்தான் செல்லும், நீங்க ஒருத்தருக்கு சமையல் சொல்லிக் குடுக்கறப்ப "மூணு விசில்"னு சொன்னா அந்தப் புள்ள எப்படிப் பொழைக்கும்?

கரூர்_காமாட்சி:
எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கூட நின்னு பழகச் சொல்லுவேன், என் மாமியார் எனக்குச் செஞ்ச மாதிரி.

ரிப்பேர்கடை_பாய்:
வேன் அவசரத்துல வெயிட்ட கரண்டியால தூக்கி ஆவிய விடுறது, குழாத் தண்ணிக்கு அடியில புடிக்கிறதுன்னு பண்றாங்க பாருங்க, பருப்பு வச்சிருக்கறப்ப மட்டும் வெயிட்டத் தூக்காதீங்க, நுரையோட கொதிக்கக் கொதிக்க மேல அடிக்கும். அதுவா அடங்கட்டும். காமாட்சிம்மா, அந்த பெரிய குக்கர் எத்தன லிட்டரு, காஸ்கெட் எப்ப மாத்துனீங்க?

கரூர்_காமாட்சி:
பத்து லிட்டரு பாய். காஸ்கெட் போன தீபாவளிக்கு மாத்துனது, லேசா ஓரத்துல தண்ணி கசியுது.

ரிப்பேர்கடை_பாய்:
அப்ப மாத்திருங்கம்மா, அதே கம்பெனி காஸ்கெட்டாப் பாத்து வாங்குங்க. உங்க மூணு விசிலு சரியா மூணாவே வரணும்னா அது இறுக்கமா இருக்கணும்.