காலைக் குளிரில் ரெண்டாவது கியர் விழவில்லை என்றால் டிரைவர் மேல் பழியா?

தேவிகுளம்_லோடு:
விடிகாலையில் பிக்கப்பில் ரெண்டாவது கியர் விழ மாட்டேங்குது என்று இங்கே ஒரு தம்பி கேட்டிருந்தார். அதற்குப் போடிக்காரர் ஒருத்தர், "குளிருக்கும் கியருக்கும் சம்பந்தமே இல்லை, கிளட்ச் மிதிக்கத் தெரியாதவன் சொல்லும் சாக்கு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஜனவரியில் மூணாறில் செண்டுவரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியின் கியர் பெட்டிக்குள் ஆயில் இறுகித்தான் இருக்கும். கியர் விழும் முன் சுற்றும் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம் சிங்க்ரோ ரிங். அது அந்த ஆயிலை வழித்துத் தள்ளிவிட்டுக் கியரின் கோனை, அதாவது கூம்பை, பிடித்தால்தான் கியர் விழும். ஆயில் கெட்டியாக இருந்தால் அந்தப் பிடி தாமதமாகும். இதில் டிரைவர் என்ன செய்தான்?

போடி_பட்டறை:
எழுதியது நான்தான், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். பெட்டியில் இருப்பது 80டபிள்யூ-90 ஆயில். அந்த 80 குளிருக்கான கிரேடு, ஆயில் அட்டவணையில் அதற்குப் போட்டிருக்கும் அளவு மைனஸ் 26 டிகிரி. மூணாறில் மைனஸ் 26 எந்த வருஷம் வந்தது அண்ணே? பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போனாலே பேப்பரில் போட்டோ வருகிற ஊர் அது. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். விழுந்தால் பெட்டி நல்லாயிருக்கிறது, கிளட்ச்தான் முழுசாக விடவில்லை. கிளட்ச் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள், கசிந்திருக்கும்.

தேவிகுளம்_லோடு:
மைனஸ் 26 என்பது ஆயில் 1,50,000 சென்டிபாய்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) கெட்டியாகும் எல்லை. அதற்கும் கீழே போனால் பேரிங்குக்கே ஆயில் போய்ச் சேராது, அதற்காக வைத்த அளவு. கியர் சுகமாக விழுமா என்று பார்த்து வைத்ததில்லை. உயிர் போகவில்லை என்பதற்காக உடம்பு நல்லாயிருக்கிறது என்று சொல்வீர்களா? 75 கிரேடுக்கு அதே அளவை மைனஸ் 40ல் பார்க்கிறார்கள். பூஜ்யத்திலும் அது 80ஐவிட இளகித்தான் இருக்கும். அப்புறம் அந்த எஞ்சின் அணைக்கிற சோதனை. நிற்கிற வண்டியில் வேக வித்தியாசமே கிடையாது, சிங்க்ரோவுக்கு வேலையே இல்லை. ஓடும்போது ரெண்டாவது விழாததைப் பற்றி அது என்ன சொல்லும்?

கம்பம்மெட்டு_ஜீப்:
கியர் உள்ளே போகவே மாட்டேங்குதா, கரகரவென்று சத்தம் போட்டு விழுகிறதா, விழுந்தபின் தானாக வெளியே வருகிறதா? மூன்றும் வேறு வேறு கோளாறு. முதலில் அதைச் சொல்லுங்கப்பா.

போடி_பட்டறை:
சென்டிபாய்ஸ் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். மைனஸ் 26 என்று போட்டிருக்கிறதா இல்லையா? போட்டிருக்கிறது. அவ்வளவுதான். போன தடவை டயர் காற்று விஷயத்திலும் இவர் இப்படித்தான் குதித்தார், கடைசியில் காணாமல் போனார்.

சூரியநெல்லி_ஏலம்:
பாதி வண்டியில் பட்டறைக்காரர்களே ஜி.எல்-4 தர ஆயில் கேட்கிற பெட்டியில் ஜி.எல்-5 தர ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். டிபரன்ஷியலுக்கு (அச்சில் இருக்கும் கியருக்கு) வாங்கிய டப்பா மிச்சமிருந்தால் அதையே ஊற்றுகிறார்கள். அதில் கந்தக மருந்து ரொம்ப அதிகம், பித்தளை சிங்க்ரோ ரிங்குக்கு ஆகாது, ரிங் பிடிக்காமல் வழுக்கவும் செய்யும். அதையும் பாருங்கள்.

போடி_பட்டறை:
யாரைச் சொல்கிறீர்கள்? என் பட்டறையில் வண்டிப் புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. மலைக்காரர்களுக்குப் பட்டறை என்றாலே இளக்காரம், ஆனால் வண்டி நின்றுபோனால் எல்லாரும் கீழே போடிக்குத்தான் வருகிறீர்கள்.

சூரியநெல்லி_ஏலம்:
உங்களைச் சொன்னேனா? தொப்பி பொருந்தினால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தேவிகுளம்_லோடு:
டயர் கதைக்கு அப்புறம் வருகிறேன், நான் எங்கேயும் காணாமல் போகவில்லை. கிளட்ச் கோளாறு என்றால் சூடு ஏற ஏறத் தானாகச் சரியாகுமா? கேப் ரோட்டில் இறங்கும்போது முரண்டு பிடிக்கிற ரெண்டாவது கியர், பூப்பாறை வருவதற்குள் வெண்ணெயாக விழுகிறது. ஆயில் சூடாகி இளகிவிட்டது, வேறென்ன? ரிவர்ஸைப் பாருங்கள். பெரும்பாலான வண்டியில் அதற்குச் சிங்க்ரோ கிடையாது. கிளட்சை மிதித்து நாலைந்து விநாடி பொறுத்துப் போட்டும் கரகரத்தால் கிளட்ச் விடவில்லை என்று நானே சொல்வேன். அந்தத் தம்பியின் வண்டியில் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது என்று அவரே எழுதியிருந்தார், படித்தீர்களா?

இதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தேவிகுளத்திலிருந்து கிளம்பினால் ஆயில் சூடாகும் முன்பே இறக்கம். லோடோடு மூணிலிருந்து ரெண்டுக்கு மாற்றும்போது கியர் விழாமல் நின்றால் வண்டி நியூட்ரலில் ஓடுகிறது. எஞ்சின் பிடி கிடையாது, வெறும் பிரேக்கை நம்பி வளைவுக்குள் போகணும். அந்த நேரத்தில் டிரைவர் கை எப்படி நடுங்கும் என்று தெரிந்தவர் அதைச் சாக்கு என்று சொல்ல மாட்டார். கிளம்பும்போதே மெதுவாக, ரெண்டாவதிலேயே இறங்குங்கள். புத்தகம் அனுமதித்தால் 75டபிள்யூ-90 மாற்றுங்கள்.

போடி_பட்டறை:
ரெண்டாவதிலேயே இறங்கத் தெரியாதவனைத்தான் நானும் சொன்னேன். மைனஸ் 26 அப்படியேதான் இருக்கிறது.

கம்பம்மெட்டு_ஜீப்:
கியர் கேபிள் துரு பிடித்திருந்தாலும் காலையில் இறுகும். யாராவது கேபிளைக் கழற்றிப் பார்த்தீர்களா?

தேவிகுளம்_லோடு:
கேபிள் இறுகினால் எல்லா கியருமே இறுகும் தம்பி, ரெண்டாவது மட்டும் ஏன்? போடிக்காரரே, உங்கள் அட்டவணையில் சிங்க்ரோ என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா? அதை மட்டும் எடுத்துப் போடுங்கள்.

போடி_பட்டறை:
மைனஸ் 26 இருக்கிறது. அது போதும்.