லால்பாக்: மலர்க்காட்சி சமயத்தில் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

புதுக்குடித்தனம்:
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 15 ஒட்டி கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் பெங்களூர் வர்றாங்க. அம்மாவுக்குப் பூச்செடின்னா உயிர். அதனால லால்பாக் மலர்க்காட்சிக்குக் கூட்டிப் போகலாம்னு இருக்கேன். அப்பா விவசாயத் துறையில ரிட்டையர் ஆனவர். எங்கே போனாலும் "யார் போட்டது, எப்போ, எதுக்கு"ன்னு குடைஞ்சு எடுப்பார். முழங்கால் வலி வேற. ஆபீஸ்ல ஒருத்தர், "கப்பன் பார்க்கே போதும், லால்பாக்ல கூட்டம் தாங்காது"ங்கிறார். அரை நாள்தான் கையில இருக்கு. எது சரி?

அல்சூர்வாசி:
தங்கச்சி, நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அல்சூர்ல. லால்பாக் போங்க, ஆனா மலர்க்காட்சியை மட்டும் நம்பிப் போகாதீங்க. அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்ல கண்ணாடி மாளிகைக்குள்ள நீங்க நடக்க வேண்டாம், கூட்டமே தள்ளிக்கிட்டுப் போயிடும். பறிச்ச பூவைக் கம்பிக் கூட்டில குத்தி ஒரு கோட்டையோ கோபுரமோ செஞ்சு வச்சிருப்பாங்க. அழகுதான், இல்லேங்கல. ஆனா உங்கப்பா மாதிரி ஆளுக்கு அதுல என்ன இருக்கு?

அவர் கேக்கறதுக்குப் பதில் சொல்றேன், எழுதி வச்சுக்கங்க. ஹைதர் அலி 1760ல ஆரம்பிச்சது. அப்போ சுமார் 40 ஏக்கர்தான். கர்நாடகத்துல சிராங்கிற ஊர்ல இருந்த முகலாயத் தோட்டத்தைப் பார்த்துப் போட்டதுன்னு சொல்வாங்க. திப்பு பாரசீகம், ஆப்கானிஸ்தான்னு பல நாட்டிலிருந்து செடியும் விதையும் வரவழைச்சார். மண்ணைக் கொத்தித் தண்ணி பாய்ச்சினவங்க திகளர்கள், நம்ம தமிழ் மூலமுள்ள தோட்டக்கார ஜனங்க. தர்மராய சுவாமி கோயில்ல வருஷா வருஷம் கரகம் எடுக்கிறவங்களும் அவங்கதான். ராஜா பேரு கல்வெட்டில இருக்கும், இவங்க பேரு எங்கேயும் இருக்காது. அது போகட்டும்.

1799ல திப்பு விழுந்த பிறகு தோட்டம் கைமாறிக் கைமாறி, 1856ல அரசுத் தாவரவியல் தோட்டம் ஆச்சு. லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் நியூன்னு ஒருத்தரை வரவழைச்சாங்க. அவருக்குப் பிறகு 1874ல வந்த ஜான் கேமரன்தான் எனக்குப் பிடிச்ச ஆள். அவருக்கு இது பூங்கா இல்ல, சோதனை வயல். வெளிநாட்டுப் பயிர் ஒண்ணு வந்தா இங்கே நட்டுப் பார்ப்பார், பிழைச்சா வெளியே அனுப்புவார். உங்கம்மா கூட்டு வைக்கிற சௌசௌ இருக்கே, பெங்களூர் கத்திரிக்காய், அதை இங்கே கொண்டுவந்து பயிர் பண்ணினவர் அவர்தான். அப்பாகிட்ட இதை முதல்ல சொல்லுங்க, மீதியை அவரே கேட்டுக்குவார்.

கண்ணாடி மாளிகையும் கேமரன் காலத்துதான். 1889 நவம்பர் 30ல இங்கிலாந்து இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். மாதிரி லண்டனோட கிரிஸ்டல் பேலஸ். 1908ல வந்த ஜெர்மன்காரர் கிரும்பிகல் தோட்டத்தோட நிக்காம ஊர்ச் சாலையெல்லாம் மரம் நட்டார். ஒரு வகை பூத்து முடிக்கும்போது அடுத்தது பூக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து நட்டது. இன்னிக்குத் தோட்டம் 240 ஏக்கர்.

பார்க்க வேண்டியதுன்னா அந்த வெள்ளை இலவ மரம். வேர் ஒவ்வொண்ணும் தரைக்கு மேல சுவர் மாதிரி எழும்பி நிக்கும். ரெண்டு வேருக்கு நடுவுல ஒரு ஆள் ஒளிஞ்சா வெளியே தெரியாது. உங்கப்பாவை அங்கே விட்டுட்டு அம்மாவோட ரோஜாத் தோட்டம் பார்த்துட்டு வாங்க, திரும்பி வரும்போதும் அவர் அதே மரத்தைத்தான் சுத்திக்கிட்டிருப்பார்.

கல்லுளிமங்கன்:
அல்சூர் அண்ணன் மரத்தோட நிறுத்திட்டார், பாறையை விட்டுட்டார். நான் நிலவியல் படிச்சவன், விட மாட்டேன். டபுள் ரோடு பக்கம் ஏறினா கெம்பே கவுடா கோபுரம் நிக்குதே, அதுக்கு அடியில இருக்கிறது தீபகற்ப நைஸ்ங்கிற (gneiss) உருமாறின பாறை வகை, வயசு சுமார் 300 கோடி ஆண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதை தேசிய நிலவியல் சின்னமா அறிவிச்சிருக்கு. நிறைய பேர் செல்ஃபி எடுத்துட்டு இறங்கிடுவாங்க. குனிஞ்சு பாருங்க: சாம்பலும் வெள்ளையுமா பட்டை பட்டையா வளைஞ்சு ஓடும், சில இடத்துல மடிஞ்சு திரும்பும். பூமிக்கடியில சூட்டிலயும் அழுத்தத்திலயும் பாறை நெகிழ்ந்து மடிஞ்சதோட தடம் அது. மழை பெஞ்சு காஞ்ச மறுநாள் பட்டை பளிச்னு தெரியும். ஈரத்துல வழுக்கும், அப்பாவை ஏத்தாதீங்க.

இன்னொண்ணு, தோட்டத்துக்குள்ள ஒரு கல்மரத் துண்டு, அதாவது கல்லா மாறிப் போன மரம், இருக்கு. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலிருந்து வந்தது, 2 கோடி ஆண்டு பழசு. நம்ம ஊர்க்காரர், பார்த்து ஒரு வணக்கம் வச்சுட்டு வாங்க.

ஞாயிறுநடை:
கப்பன் பார்க்கை இப்படி ஒரேயடியா ஒதுக்கக் கூடாது. 1870ல மைசூர் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி போட்டது. சிவப்புக் கட்டடம் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், அதுல இப்பவும் நூலகம் நடக்குது. ஞாயிற்றுக்கிழமை உள்ளே கார் விடறதில்ல, முழங்கால் வலிக்காரங்களுக்கு அதைவிட என்ன வேணும்? சமதரை, மூங்கில் நிழல், பெஞ்சு.

அல்சூர்வாசி:
ஒத்துக்கறேன் தம்பி, உட்காரணும்னா கப்பன் பார்க். விவசாயத் துறைக்காரர் உட்கார மாட்டார்.

புதுக்குடித்தனம்:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். லால்பாக்தான்னு முடிவு. ஆனா அம்மா மலர்க்காட்சி பார்த்தே ஆகணும்னு போன்ல அடம் பிடிக்கிறாங்க. என்ன செய்ய?

அல்சூர்வாசி:
அப்போ லீவு நாளை விட்டுட்டு வாரநாள்ல, திறந்ததும் போங்க. கார் வேண்டாம், வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நேரம் போயிடும். பச்சை லைன் மெட்ரோவில லால்பாக் ஸ்டேஷன் இருக்கு. முதல்ல கண்ணாடி மாளிகை, கூட்டம் ஏறினதும் ஏரிப் பக்கம் ஒதுங்கிடுங்க. நடக்க முடியலேன்னா பேட்டரி வண்டி ஓடுதான்னு கேளுங்க, மலர்க்காட்சி நாள்ல சொல்ல முடியாது. முடிச்சுட்டு மாவள்ளி டிபன் ரூம்ஸ்ல ரவா இட்லி. வரிசை இருக்கும், அம்மாவைத் திண்ணையில உட்கார வச்சுட்டு நீங்க நில்லுங்க.

உள்ளே நாற்று விக்கிற இடத்துல அம்மா கண்டிப்பா நிப்பாங்க. வாங்கிக் கொடுங்க, ஆனா பெங்களூர் குளிர்ல தளதளன்னு நிக்கிற செடியெல்லாம் கும்பகோணம் வெயிலுக்குத் தாங்காது. காசு கொடுக்கறதுக்கு முன்னாடி அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.