வெயில் ஏறினால் மகளுக்கு இருமல்: ஓசோனும் நம்ம ஊர்க் காற்றுத் திட்டமும், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வடசேரி அம்மா:

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஓட்டப்பந்தயம் என்றால் உயிர். போன ஜனவரியில் விளையாட்டு விழாவுக்காகப் பள்ளியில் மதியம் இரண்டு மணிக்குப் பயிற்சி வைத்தார்கள். நாலே நாளில் இருமல், நெஞ்சு இறுக்கம். காலையில் இதே பிள்ளை பஸ் புகைக்கு நடுவே சைக்கிளில் போகிறாள், ஒன்றும் செய்வதில்லை. புகையே கண்ணில் படாத மைதானத்தில், நல்ல வெயிலில் மூச்சு வாங்குகிறது. எனக்குப் பிடிபடவே இல்லை.

டாக்டர் இளைப்புக்கு மருந்து எழுதிவிட்டு, "எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்து வையுங்கள்" என்றார். சமையலறை நாட்காட்டியில் குறித்தேன். ஒரு மாதத்தில் 11 குறி. அதில் 9 குறி பகல் 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையில். அதைப் பார்த்த பிறகுதான் அவர் ஓசோன் என்ற வாயுவைப் பற்றிய பேச்சை எடுத்தார்.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். ஓசோனை எந்த வண்டியும் நேரடியாகக் கக்குவதில்லை. வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், தின்னர், பெயிண்ட் போன்றவற்றின் ஆவியும் வெயிலில் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. அதனால்தான் மதியத்துக்கு மேல் ஏறுகிறது. ரோட்டை ஒட்டிய இடத்தில் வண்டி விடும் புதுப்புகை ஓசோனைத் தின்றுவிடும், அங்கே குறைவாக இருக்கும். காற்றுப் போகும் திசையில் சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் கூடும். நம் நாட்டுக்கு 2009-இல் வகுத்த அளவு 8 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180.

நவம்பர் 1 அன்று எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் இதைப் பேசினேன். (நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். அதனால் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள், மகளும் கூட வந்தாள்.) பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருவர், "ஓசோன் நல்லதுதானே, அதில் ஓட்டை விழக்கூடாது என்றுதானே படித்தோம்" என்றார். நியாயமான கேள்வி. இருபது, முப்பது கிலோமீட்டர் உயரத்தில் நம்மைக் காப்பதும் அதுதான், மூக்குக்கு நேரே வந்தால் நுரையீரலைப் புண்ணாக்குவதும் அதுதான் என்று சொன்னேன். வந்திருந்த மாநகராட்சிப் பொறியாளர் தண்ணீர் லாரி வைத்து ரோட்டில் தெளிக்கலாம் என்றார். தெளித்தால் தூசி அடங்கும், ஓசோன் அடங்காது. அவரைக் குறை சொல்லவில்லை. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமே தூசித் துகளைக் குறைப்பதைத்தான் இலக்காக வைத்தது. எல்லா ஊரிலும் தெளிப்பதும் பெருக்குவதும்தான் திட்டம் என்று ஆகிவிட்டது.

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "அப்போ எதைக் குறைக்கணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். என்னால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியைத் தெரிந்துகொள்ளத்தான் இங்கே கேட்கிறேன்.

மார்த்தாண்டம் டயர் கடை:

அக்கா, எங்கள் தொழிலில் இது பழைய பேச்சு. கார் அதிகம் ஓடியிருக்காது, டயரின் பக்கச் சுவரில் மட்டும் மயிரிழை மாதிரி வெடிப்பு இருக்கும். கம்பெனி ஆள் வந்து பார்த்து, "ஓசோன் கிராக்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அது என்ன என்று நான் பல வருஷம் கேட்கவே இல்லை. வெயிலும் வயதும் சேர்ந்துதான் டயரைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் இழுபட்டு நிற்கும் ரப்பரை ஓசோன் தனியாகவே வெட்டும்.

மகன் படித்துக் காட்டினான். 1950 வாக்கில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி, ரப்பர் துண்டுகளை வளைத்துக் கட்டிவைத்து, அதில் விழும் வெடிப்பைக் கொண்டே காற்றில் எவ்வளவு ஓசோன் என்று அளந்தாராம். அதற்கு முன் அவர் ஆராய்ந்தது அன்னாசிப்பழத்தின் வாசனையை! ரப்பரும், அதற்கு ஊடுபயிராக அன்னாசியும் போடுகிற ஊர்க்காரனாக இருந்தும், இது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

தக்கலை, பெட்ரோல் பங்க்:

நான் பார்த்ததைச் சொல்கிறேன். டேங்க் நிறைந்ததும் நாசில் தானாக நிற்கும். வண்டிக்காரர், "ரவுண்டா போடுப்பா" என்பார். மேலே மேலே அழுத்துவோம். மத்தியான வெயிலில் வழிகிற பெட்ரோல் தரையில் பட்டதுமே ஆவியாகத் தொடங்கிவிடும், கண் எரியும். டேங்கர் இறக்கும்போது வரும் வாடை தனி. இந்த ஆவியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. பெரிய ஊர்களில் நிறைய விற்கும் பங்குகளுக்கு அதைக் கட்டாயமாக்கி இருக்கிறார்கள். நாசில் நின்ற பிறகு நான் போடுவதில்லை. சிலர் கோபிப்பார்கள், பரவாயில்லை.

கருங்கல், இப்போது அமெரிக்காவின் டென்வரில்:

2022 ஆகஸ்ட் முழுவதும் இங்கே பஸ்ஸிலும் ரயிலிலும் காசு வாங்கவில்லை. ஓசோன் மிகும் மாதம், அதனால் காரை வீட்டில் விடுங்கள் என்று அறிவித்தார்கள். மறு வருஷம் ஜூலையும் சேர்ந்தது. நானும் மனைவியும் வேலைக்கு ரயிலில் போனோம். அது நல்லெண்ணத்தால் மட்டும் நடக்கவில்லை. இங்கே ஓசோனை வகுத்த அளவுக்குள் கொண்டுவராத பகுதிக்குச் சட்டம் கெடு வைக்கிறது. திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், தவறினால் பிடி இறுகும். அதே 2022-இல் டென்வர் பகுதியை இன்னும் மோசமான வகையில் சேர்த்தார்கள். அதனால் கோடையில் ஆவி குறைந்த பெட்ரோல்தான் விற்க வேண்டும் என்றாயிற்று.

நம் ஊரில் 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அம்மாவிடம் கேட்டால், "பஸ் வந்தாத்தானே மக்கா ஏற" என்கிறாள். மத்தியானத்தில் ஒரு பஸ் விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நிற்கிறாளாம்.

குலசேகரம்:

ஒரு சந்தேகம். ஓசோனுக்குக் காரணமாகும் ஆவியை ரப்பர் மரமே விடுகிறது என்று படித்தேன். அப்படியானால் மரத்தையும் குறை சொல்வார்களோ?

வடசேரி அம்மா:

அண்ணன் கேட்டது முக்கியம். மரங்கள் ஆவி விடுவது உண்மை, ரப்பரும் விடும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு சேராமல் அது தனியே ஓசோனைப் பெருக்காது. எங்கே பார்த்தாலும் மரமாக இருக்கிற நம் மாவட்டத்தில் ஆவி எப்போதும் இருக்கும். நாம் கைவைக்க வேண்டியது வண்டிப் புகையில். காவல்கிணறு பக்கமிருந்து வரும் லாரிகளும், களியக்காவிளைக்குப் போகும் டிப்பர்களும்தான் எனக்குக் கண்ணில் நிற்கின்றன.

நீங்கள் எல்லாரும் எழுதியதை வைத்து அந்தப் பொறியாளருக்கு ஒரு தாள் தயார் செய்திருக்கிறேன். ஓசோனைப் பஸ் நிலையத்தில் மட்டும் அளக்காமல், ஊருக்கு வெளியே காற்றுப் போகும் பக்கமும் அளந்து தினமும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் பல வருஷம் அளந்தவர்கள் குளிர்கால மாதங்களில் ஏறும், தென்மேற்கு மழைக்காலத்தில் இறங்கும் என்று கண்டிருக்கிறார்கள். எனவே டிசம்பர் முதல் மார்ச் வரை முதல் கவனம் வேண்டும். அந்த மாதங்களில் மத்தியான பஸ்ஸை அதிகமாக்குவதும், கனரக வண்டிகளை நகருக்குள் விடும் நேரத்தை மாற்றுவதும் இரண்டாவது. பங்க் தம்பி சொன்னது மூன்றாவது. தெருவில் சருகு எரிப்பதை நிறுத்துவதையும் சேர்த்துவிட்டேன், அதிலும் நைட்ரஜன் ஆக்சைடு, ஆவி இரண்டும் வரும்.

பள்ளியில் நாட்காட்டியைக் காட்டிப் பேசினேன். இந்த ஜனவரி பயிற்சியைக் காலை ஏழு மணிக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று வாரம் ஆகிறது, இரண்டு குறிதான் விழுந்திருக்கிறது. அடுத்த சபைக்கு இரண்டு நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறேன். வடசேரி, கோட்டாறு பக்கம் இருப்பவர்கள் யாராவது கூட வருவீர்களா?